அளந்தான் வகையறா

அந்தப் படிவத்தில் அது பதினான்காவது கேள்வி. "சொந்தத்தில் திருமணமா?" என்று அச்சடித்து, பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. நான் யோசிக்கவே இல்லை. "இல்லை" கட்டத்தில் டிக் போட்டேன்.

மற்ற கேள்விகளுக்கெல்லாம் பேனாவைப் பிடித்துக்கொண்டு திணறியவள் நான். கர்ப்ப காலத்தில் காய்ச்சல் வந்ததா, எந்த மாதம், என்ன மாத்திரை, குழந்தை பிறந்ததும் உடனே அழுததா. ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு, சரியாகத்தான் எழுதினேனா என்று மறுபடி படித்தேன். ஐந்தாம் மாதம் சளிக்கு ஒரு மாத்திரை போட்டேனே, அது நாலாம் மாதமோ? அதை எழுதாமல் விட்டால் பொய் சொன்னதாகிவிடுமோ? இந்த ஒரு கேள்விதான் எனக்குப் பயமில்லாமல் இருந்தது. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தது போல இருந்தது.

மகளுக்கு அப்போது இரண்டு வயதும் ஒரு மாதமும். காது கேட்கவில்லை என்பது ஆறு மாதம் முன்பே உறுதியாகிவிட்டது. அதற்கும் முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மண் ரோட்டில்தான் லாரிகள் உப்பளத்துக்குப் போகும். ஊரில் அதை அளம் என்றுதான் சொல்வோம். ஒரு நாள் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும்போது ஹாரன் சிக்கிக்கொண்டு விடாமல் அலறியது. தெருவே வெளியே வந்துவிட்டது. வாசலில் உட்கார்ந்து கிளிஞ்சலை அடுக்கிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கவில்லை. எல்லோரும் ஓடி வந்ததைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்து சிரித்தாள். "பாரு, எதுக்கும் பயப்பட மாட்டேங்குது, அப்படியே எங்க வீட்டு ஆளு" என்று மாமியார் பெருமையாகச் சொன்னார். நானும் சிரித்தேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படிவத்தைப் படித்துக்கொண்டு வந்த டாக்டரம்மா பதினான்காவது கேள்வியில் நின்றார்.

"சொந்தம் இல்லையாம்மா? உறுதியா?"

"இல்லைங்க டாக்டர். எங்க ஊரு பெருமுக்கல் பக்கம். அவங்க மரக்காணம். தரகர் கொண்டுவந்த ஜாதகம்ங்க."

"அத்தை பையன், மாமா பையன்னு மட்டும் கேக்கல. ரெண்டு வீட்லயும் பாட்டன், முப்பாட்டன் காலத்துல ஏதாவது ஒட்டு உறவு இருந்தாலும் சொல்லணும்." என் வயிற்றைப் பார்த்தார். "இப்ப எத்தனாவது மாசம்?"

"மூணு முடியப்போவுதுங்க."

பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். "அப்ப இது இன்னும் முக்கியம். அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் ஒரே குறை வெளிய தெரியாம ஒளிஞ்சிருக்கலாம். அப்படி இருந்தா, பொறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துல கட்டினவங்ககிட்ட இது அதிகமா இருக்கும். சொந்தம் இல்லாதவங்களுக்கும் வரும், வராதுன்னு இல்ல. நான் பயமுறுத்தலம்மா. வீட்ல பெரியவங்ககிட்ட விசாரிச்சிட்டு வாங்க. அடுத்த மாசம் ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துடலாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் மகளை மடியில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். நான் நாலில் ஒன்றை நினைத்துக்கொண்டு வந்தேன். கூனிமேடு தாண்டியதும் ரோட்டோரம் ஒரு அச்சகத்தின் போர்டு தெரிந்தது. கல்யாணப் பத்திரிகை அச்சடித்துத் தரப்படும் என்று எழுதியிருந்தது. ஏன் என்று தெரியாமல், அது மறைகிற வரை அதையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஏன் என்று நினைவு வந்தது.

என் வீட்டுக்காரரின் குடும்பத்துக்கு ஒரு பேர் உண்டு. அளந்தான். எங்கள் பக்கத்தில் யாரும் குடும்பப் பேர் வைத்துக்கொள்வதில்லை. அப்பா பேரின் முதல் எழுத்து இனிஷியல், அவ்வளவுதான். ஆனால் இவர்கள் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் பேருக்குப் பின்னால் அளந்தான் உண்டு. ரேஷன் கார்டில் உண்டு, ஆதாரில் உண்டு, செத்தால் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் உண்டு. என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் கம்பெனியின் அடையாள அட்டையில் அது இங்கிலீஷில் இருக்கிறது. புதிதாக வரும் வாட்ச்மேன்கள் அதைப் பார்த்துவிட்டு, வடநாட்டுக்காரர் என்று நினைத்து, அவரிடம் இந்தியில் பேச ஆரம்பிப்பார்களாம்.

என் அம்மா பிறந்த வீடு இரும்பையில் இருக்கிறது. அங்கேயும் ஒரு பேர் உண்டு. அளத்தான். அம்மாவுக்கு ஒரே அண்ணன், அவர்தான் என் மாமா. அவருக்கு இரண்டு பையன்கள். இந்த மூன்று பேரைத் தவிர அந்தப் பேரோடு உலகத்தில் யாரும் இருப்பதாக எங்களுக்குத் தெரியாது.

என் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுப் பத்திரிகைக்கு மேட்டர் எழுதிக் கொடுத்தது மாமாதான். அச்சாகி வந்ததும் பிரித்துப் பார்த்தால், மாப்பிள்ளை பேருக்கு மேலே "மரக்காணம் அளத்தான் வகையறா" என்று இருந்தது. ந் வர வேண்டிய இடத்தில் த் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. எங்கள் பேரைக்கூடச் சரியாகப் போடத் தெரியாதா என்று கேட்டார்கள். அப்பா பதறிப்போனார். மாமா சிரித்தார்.

"கை பழக்கம் மாப்ள. அள-ன்னு எழுதினாலே கை தானா எங்க வீட்டுப் பேருக்குப் போயிடுது. ஒரு எழுத்துதானே, விடுங்க. அவங்களும் நம்ம ஆளா இருந்துட்டுப் போகட்டும்."

மறுபடி அச்சடிக்க நாள் இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பத்திரிகையிலும் அந்த த்-ஐ ந் ஆக்கியவள் நான்தான். கறுப்பு மை பேனாவால், அசிங்கமாகத் தெரியாமல், அச்செழுத்து போலவே. முன்னூறு பத்திரிகை. என் கல்யாண வேலையில் நான் செய்த ஒரே வேலை அது. நன்றாகச் செய்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

பஸ்ஸில் அதை நினைத்தபோது, ஒரு எழுத்துதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாட்டில் எத்தனையோ ஊர்ப் பேர், ஆள் பேர் ஒன்று போல ஒலிக்கும். அதற்கெல்லாம் அர்த்தம் உண்டா? வீட்டுக்குப் போனதும் பீரோவில் தேடி, மிச்சமிருந்த பத்திரிகை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் பேனா மைக்கு அடியில் அச்சு எழுத்து லேசாகத் தெரிந்தது.

அன்றிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். யாருக்கும் எதற்கென்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட ஏதோ ஆசைக்குக் கேட்பது போலத்தான் கேட்டேன். டாக்டர் சொன்னதை அவரும் கேட்டிருந்தார். ஆனால் அவருக்கு அது பத்திரிகையோடு சேரவில்லை. நானாக எதற்குச் சேர்த்து வைக்க வேண்டும், இல்லாததைக் கிளப்பிவிட்டால்? அவருக்கும் சேர்த்து நானே பயந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

குடும்பத்தில் மூத்தவர் என் பெரிய மாமனார். அளத்தில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் இடுங்கிப்போனவர். அவரிடம் ஒரு சாயங்காலம் டீ கொடுத்துவிட்டுக் கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்த மருமகளில் யாரும் இதைக் கேட்டதில்லையாம்.

"அந்தக் காலத்துல இப்ப மாதிரி எடை மிஷின் ஏதும்மா? அளத்து உப்ப மரக்கால்லதான் அளப்பாங்க. அளக்கிறது லேசு இல்ல. அமுக்கி அளந்தா வாங்கறவனுக்கு லாபம், தளர்த்தி அளந்தா விக்கிறவனுக்கு. ரெண்டு பேருக்கும் பொதுவா அளக்க ஒரு ஆளு வேணும். அது நம்ம பாட்டனாரு. அதான் அளந்தான்."

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "அவரு உப்பு எங்க அளந்தாரு? கதைதான் அளந்திருப்பாரு. அது இன்னி வரைக்கும் விடல பாரு."

"தே, நீ சும்மா இரு. உங்க வீட்டுக்கு ஒரு பேர் இருந்துதா? சொல்லு பார்ப்போம்."

"எங்க வீட்ல சோறு இருந்துது. பேர் எதுக்கு?"

பெரிய மாமனார் என் பக்கம் திரும்பினார். "அவ கெடக்கறா. நீ கேளும்மா."

எத்தனை குடும்பம் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். மரக்காணத்தில் எட்டு, கூனிமேட்டில் இரண்டு, புதுச்சேரியில் ஒன்று. "பதினோரு பானை" என்றார். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும்போது குடும்பத்துக்கு ஒரு பானை என்பதால் இவர்கள் குடும்பத்தைப் பானையால்தான் எண்ணுவார்கள். வேறு எங்கேயும் இல்லையா, யாரும் பிரிந்து போகவில்லையா என்று கேட்டேன். என் குரல் மாறியிருக்கும் என்று பயந்தேன். அவர் கவனிக்கவில்லை.

"ஒரு பானை போனதுன்னு எங்க அப்பா சொல்வாரு. அண்ணன் தம்பி ரெண்டு பேரு. கடல் தண்ணி கரைய ஒடச்சிக்கிட்டு பாத்தியெல்லாம் பூந்த வருஷம் ஏதோ சண்டை. தம்பி பொண்டாட்டி புள்ளைய கூட்டிக்கிட்டுப் போனவன் போனவன்தான். என்ன சண்டை, எந்த ஊருக்குப் போனான், எதுவும் தெரியாது. எல்லாம் பழைய கதை."

அடுத்து மாமாவுக்குப் போன் செய்தேன். அளத்தான் என்றால் என்ன என்று கேட்டேன்.

"இது என்னடி கேள்வி? அளத்துல வேலை செஞ்சவன் அளத்தான். ஏரியில வேலை செஞ்சிருந்தா ஏரியான்."

"இரும்பையில ஏது மாமா அளம்?"

"ஆமால்ல" என்றார். பிறகு, "என்கிட்ட இத யாரும் கேட்டதே இல்ல. எங்க அப்பாகிட்ட கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நம்ம குலதெய்வம் எதுன்னே தெரியாம திருவிழாக்கு திருவிழா பக்கத்து வீட்டுச் சாமியக் கும்பிட்டவரு அவரு. அவருக்கும் தெரிஞ்சிருக்காது போ" என்றார்.

உப்பை அளந்தவன் அளந்தான். அளத்தில் இருந்தவன் அளத்தான். இரண்டுக்கும் தனித்தனி அர்த்தம் இருக்கிறது. இரண்டும் தன்னளவில் சரியாக இருக்கிறது. அப்படியானால் பேர் இரண்டு, குடும்பமும் இரண்டு. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். காலையில் அது உறுதியாக இருக்கும். மகளுக்குக் காது மிஷின் மாட்டிவிட்டு, அவள் பேரைக் கூப்பிட்டு, அவள் திரும்பாமல் இருக்கும்போது தளர்ந்துபோகும்.

காது குத்து அந்த மாதம்தான். முதல் வயதிலேயே செய்திருக்க வேண்டியது, ஆஸ்பத்திரி அலைச்சலில் தள்ளிப்போய்விட்டது. காது குத்தினால் காது திறந்துவிடும் என்று மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். நான் கெமிஸ்ட்ரி படித்தவள். அது அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நல்ல நேரம் எத்தனை மணிக்கு என்று இரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

குலதெய்வக் கோயில் அளத்துக்கு மேற்கே, பனைமரங்களுக்கு நடுவில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது என்பதால் தாய்மாமன் மடிக்கு என் மாமாவையே உட்கார வைப்பதாக ஏற்பாடு. சீர்த்தட்டோடு வந்தவர், "பேத்திக்குத் தாய்மாமன் வேஷம். என் தலையெழுத்தப் பாரு" என்று சிரித்தார். அம்மாவும் அப்பாவும் கூட வந்திருந்தார்கள். பதினோரு அடுப்பு வரிசையாகக் கல் வைத்துத் தயாராக இருந்தது. பொங்கலுக்கு எல்லாப் பானைக்கும் அரிசி ஒரே மூட்டையிலிருந்து அளந்து தருவதுதான் வழக்கம். பெரிய மாமனாருக்கு முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. குனிய முடியவில்லை.

"இப்படி குடுங்க, நான் அளக்கறேன்" என்று மாமா படியை வாங்கிக்கொண்டார். எங்கேயாவது வேலை நடந்தால் சும்மா நிற்க முடியாதவர் அவர்.

ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று ஆரம்பித்தார். அதை எல்லோரும் செய்வார்கள். லாபம், ரெண்டு, மூணு, நாலு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே போனார். எட்டு, ஒன்பது.

"கடலுக்கு" என்றார். பத்தாவது படியை நிரப்பி, அதிலிருந்து ஒரு சிட்டிகை அரிசியை எடுத்துக் கிழக்குப் பக்கம் எறிந்தார்.

அடுப்புக்கு ஓலை செருகிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பெரிய மாமனார் முதுகு வலியை மறந்து எழுந்துவிட்டார்.

"ஏம்பா. இத யார் சொல்லிக்குடுத்தாங்க உனக்கு?"

"எத?"

"பத்துன்னு சொல்லாம கடலுக்குன்னு சொன்னியே."

"இதையெல்லாமா சொல்லிக்குடுப்பாங்க? அளந்தா அப்படித்தான் சொல்லணும். எங்க அப்பா அப்படித்தான் அளப்பாரு. ஏன், நீங்க எப்படி சொல்வீங்க?"

"நாங்களும் அப்படித்தான்டா சொல்வோம். நாங்க மட்டும்தான்டா சொல்வோம்!"

நானும் அப்படித்தான் சொல்வேன். அம்மா மாத அரிசியை மூட்டையிலிருந்து டின்னில் அளக்கும்போது, எட்டு, ஒன்பது, கடலுக்கு என்று சொல்லி, ஒரு சிட்டிகையை ஜன்னல் வழியாக எறிவாள். குருவிக்கு என்று நினைத்திருந்தேன். ஊர் உலகமே அப்படித்தான் அளக்கிறது என்று நினைத்திருந்தேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அரிசி அளந்தபோது மாமியார் வாயெல்லாம் பல்லாக, "பரவால்லியே, வந்து ரெண்டு நாள்ல எங்க வீட்டு அளவு பழகிட்டாளே" என்று எல்லோரிடமும் சொன்னார். சிந்தாமல் அளந்ததைத்தான் பாராட்டுகிறார் என்று நான் நினைத்தேன். அவர், நான் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக நினைத்தார். மூன்று வருஷமாக ஒரே சமையலறையில் நின்றுகொண்டு அந்த வார்த்தையை இரண்டு பேரும் சொல்லியிருக்கிறோம். இரண்டு பேர் காதும் நன்றாகத்தான் இருந்தது.

பெரிய மாமனார் மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்க பேர் என்னப்பா? குடும்பப் பேரு?"

"அளத்தான்."

"அளந்தான்."

"இல்லைங்க, த். அளத்தான்."

"எவன்டா அது த் போட்டவன்? சண்டை போட்டுக்கிட்டுப் போனவன் பேர்லயும் சண்டை போட்டிருக்கான் பாரு!" கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். "போன பானை வந்துடுச்சு. டேய், இன்னொரு அடுப்புக்குக் கல்லு எடுங்கடா."

பிறகு அங்கே நடந்தது எல்லாம் சந்தோஷம். பையன்கள் கல் தேடி ஓடினார்கள். பக்கத்து வீட்டிலிருந்து பன்னிரண்டாவது பானை வந்தது. அம்மா, குலதெய்வம் தெரியாமல் வளர்ந்தவள், சாமி முன்னால் விழுந்து எழுந்திருக்கவே இல்லை. மாமியார் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "சம்பந்தின்னு நினைச்சேன், நாத்தனாரா வந்துட்டியே, இனிமே உன்கிட்ட சண்டை போட எனக்கு உரிமை ஜாஸ்தி" என்றார். ஆண்கள் உறவு முறை போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"அப்ப மாப்ள எனக்குப் பங்காளி. தம்பியா, மகனான்னுதான் தெரியல" என்றார் மாமா.

"தம்பின்னா அந்தப் பொண்ணுக்கு மாமன் ஆவறான். மகன்னா மாமன் மகன் ஆவறான். எப்படிப் போட்டாலும் கட்டிக்கிற முறைதான்யா! சாமி பார்த்து முடிச்சு போட்டிருக்கு. பத்திரிகையில தப்பு தப்பா அடிச்சீங்கன்னு அன்னிக்கு சண்டைக்கு வந்தோம். அதுதான்யா சரி. திருத்தினதுதான் தப்பு" என்றார் பெரிய மாமனார்.

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். கூட்டத்துக்கு நடுவில் என் வீட்டுக்காரரைத் தேடினேன். அவர் சிரிக்கவில்லை. டாக்டர் கேட்டது அவருக்கும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. அவர் கண் என் முகத்துக்கு வந்து, வயிற்றுக்கு இறங்கி, மகளிடம் போய் நின்றது. மகள் மூட்டைப் பக்கத்தில் குந்தி, கீழே சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிலும் நாலு தலைமுறை மௌனம் உடைந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காது குத்தும்போது மாமா மடியில் அவள் கத்திய கத்தல் பனைமரம் வரை போயிருக்கும். வலி முடிந்ததும் என்னைப் பார்த்தாள். ஒன்றும் திறக்கவில்லை. மாமியார் பின்னாலிருந்து அவள் பேரை மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் படிவத்தைத் திரும்பக் கேட்டேன். "இல்லை" கட்டத்தின் டிக்கை அடித்துவிட்டு "ஆம்" கட்டத்தில் போட்டேன். பத்திரிகையில் போல அழகாக வரவில்லை. அதற்குக் கீழே "எந்த முறையில் உறவு?" என்று ஒரு கோடு விட்டிருந்தார்கள். என்ன எழுதுவது? மாமன் என்பதா, மாமன் மகன் என்பதா? ரொம்ப நேரம் யோசித்து "ஒரே வகையறா" என்று எழுதினேன்.

டாக்டரம்மா படித்துவிட்டு, "எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். அரிசி அளந்ததைச் சொன்னேன். இதையெல்லாம் ஒரு டாக்டரிடம் சொல்கிறோமே என்று பாதியில் கூச்சமாகிவிட்டது. அவர் கடைசி வரை கேட்டார்.

"சொந்தம்னு தெரிஞ்சா நாங்க எங்க தேடணும்னு எங்களுக்குத் தெரியும். நீங்க வந்து சொன்னது நல்லது. நீங்க எந்தத் தப்பும் பண்ணலம்மா" என்றார்.

எல்லோரும் அதையே சொன்னார்கள். ரத்த ரிசல்ட் வந்து, இரண்டு பேரிடமும் ஒரே குறைதான் ஒளிந்திருக்கிறது என்று காட்டிய நாளிலும் சொன்னார்கள். தப்பு இல்லைதான். ஆனால் என் கையால் அந்த எழுத்தை முன்னூறு முறை மாற்றினேன். ஒரு முறையாவது நிறுத்தி, ஏன் இரண்டு குடும்பப் பேரும் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? முறைதானே என்று சந்தோஷமாகக் கட்டி வைத்திருப்பார்கள். நானும் சந்தோஷமாகத்தான் கட்டியிருப்பேன். அவரைக் கட்டியிருக்காவிட்டால் இந்த மகள் இல்லை. இந்தக் கணக்கை நான் எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் ஏதோ ஒன்று விட்டுப்போகிறது.

ரிசல்ட் வாங்கி வந்த பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அளம் தெரிய ஆரம்பித்ததும், "இப்ப என்னப் பார்த்தா சொந்தக்காரன் மாதிரி இருக்குதா உனக்கு?" என்று கேட்டார். சிரிக்க வைக்கத்தான் கேட்டார். நான் அவர் காதைப் பார்த்தேன். மாமாவின் காது மாதிரியே மடல் ஒட்டிய காது. அதை அதற்கு முன் நான் கவனித்ததில்லை.

வீட்டில் யாருக்கும் ரிசல்ட்டைச் சொல்லவில்லை. பெரிய மாமனார் பன்னிரண்டு பானைக்கும் பேர் எழுதிய போர்டு ஒன்று கோயிலில் வைக்க ஆசைப்படுகிறார். மாமா பையன்களின் பேருக்குப் பின்னால் ந் போடுவதா, த் போடுவதா என்று வாரா வாரம் போனில் சண்டை நடக்கிறது. இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் போய், இந்தப் பேர்தான் நம் குழந்தையின் காதுக்குள் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவதும் பெண்தான். மழைக்காலத்தில் பிறந்தாள், அளத்தில் வேலை நின்றிருந்த நாட்களில். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவள் காதில் சின்னதாக ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். நர்ஸ் சிரித்துக்கொண்டே, "பாஸ்" என்றார். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நர்ஸ் நினைத்தார். சந்தோஷமும்தான். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கண் முதலில் போனது கட்டில் ஓரம் நின்ற மூத்தவளிடம். தங்கச்சியின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் எங்கேயோ போய்விட்டது போல இருந்தது.

இப்போது மூத்தவளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷனுக்கு வரிசையில் இருக்கிறோம். அது வரைக்கும் முகத்துக்கு நேராகப் பேசுங்கள், உதட்டைப் பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் எந்த வேலை செய்தாலும் அவளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே செய்கிறேன்.

போன வாரம் மாத அரிசி அளந்தேன். டின்னில் அரிசி விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் தொட்டிலில் சின்னவள் கை கால் உதறினாள். மூத்தவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாபம், ரெண்டு, மூணு. எட்டு, ஒன்பது. அதற்கு மேல் வாய் வரவில்லை. இந்த வார்த்தையை இவளுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று, நிரம்பிய படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மகள் எட்டி, படியிலிருந்து ஒரு சிட்டிகை அரிசியை எடுத்தாள். எழுந்து ஜன்னலுக்குப் போய், எம்பி, கிழக்குப் பக்கம் எறிந்தாள். பிறகு திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்து, மேலே சொல் என்பது போல என் உதட்டைப் பார்த்தாள்.